நேரலேதொட்டியின் ஒரே ஆள்

பெங்களூர் ஜில்லாவின் ஊர்களைத் தாலுக்கா வாரியாகச் சொல்லச் சொன்னால் ஸ்ரீகண்டன் தடுமாறவே மாட்டார். சர்க்காரின் ஜில்லா கச்சேரியில் இருபது வருஷமாகக் கிராமப் பட்டியல் அவர் பொறுப்பு. ஆனால் சாமராஜபேட்டையில் அடுத்த வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் யோசிப்பார். 1918 விஷஜுரத்தில் மனைவி அனந்தலக்ஷ்மி போனபின் காபி கிளப்பில் சாப்பாடு, கச்சேரியில் வேலை. வீட்டில் பேச்சே இல்லை.

1920 கடைசியில், ஜனக் கணக்கெடுப்புக்காக வீடுகளுக்கு நம்பர் போட ஆரம்பித்தார்கள். ஆனேகல் தாலுக்காவில் நேரலேதொட்டி என்ற சிற்றூர் அதே ஜுரத்தில் காலியாகிவிட்டதாகத் தகவல் வந்தது. குடியில்லாத ஊரைப் பட்டியலில் 'பேச்சிராக்' என்று எழுதுவார்கள். நேரில் பார்த்துவர மேலதிகாரியான சிரஸ்தேதார் ஆராவமுதன் இவரை அனுப்பினார்.

பதினோரு வீடுகள். பத்துக்குக் கூரையில்லை. கடைசி வீட்டில் புகை வந்தது. அங்கே இருந்தவள் மாரக்கா, தமிழ் எல்லையிலுள்ள தளிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த விதவை.

"இங்க யாரும் இல்லேன்னு எழுதப் போறீங்களா சாமி?"

"ஒரு ஆளை வெச்சுண்டு ஊர்னு எப்படிம்மா எழுதறது? பக்கத்து ஊர்ல உன்னைச் சேர்த்துடறேன்."

"பக்கத்தூரு வேற, இது வேற. அப்போ நான் ஆளு இல்லியா?"

ஸ்ரீகண்டன் காவியைத் தொட்டு அவள் கதவில் 1 என்று போட்டார்.

அவள் ஒவ்வொரு குட்டிச்சுவராகக் காட்டி, அதில் யார் யார் இருந்தார்கள் என்று சொன்னாள். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, அனந்தலக்ஷ்மியைப் பற்றிச் சொன்னார். கடைசி நாளில் அவள் மோர்சாதம் கேட்டதையும், டாக்டர் பேச்சைக் கேட்டு இவர் மறுத்ததையும் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார்.

"குடுத்திருந்தாலும் போயிருப்பாங்க சாமி," என்றாள் மாரக்கா.

கச்சேரியில் ஆராவமுதன் குதித்தார். "என்ன ஓய், ஒரு பொம்மனாட்டிக்காக ஒரு கிராமமா? அச்சுல பார்த்தா சிரிப்பா."

"சிரிக்கட்டும் ஸார். ஆள் இருக்கா. இல்லேன்னு எழுத எனக்குக் கை வரலை."

ஆராவமுதன் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் பட்டியலில் நின்றது. அதனால் செத்தவர்களின் உறவுக்காரர்கள் அங்கே தரிசு நிலம் கேட்டு மனுப் போட முடிந்தது. தாலுக்கா அதிகாரியான அமல்தார் கொடுத்தார். முதலில் மூன்று குடும்பம், பிறகு ஐந்து. காகிதங்கள் எல்லாம் ஸ்ரீகண்டன் மேஜை வழியாகவே போயின. ஒருதரம் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். போகவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, 1931ல், பஸ் பிடித்துப் போனார். புது ஓட்டுவீடுகள், ஆடுகள், பிள்ளைகளின் கூச்சல். மாரக்காவுக்குப் பார்வை மங்கியிருந்தது. வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரது?"

"நான்தாம்மா. முன்னே கச்சேரிலேர்ந்து நம்பர் போட வந்தேனே."

"எத்தினியோ பேரு வந்து போட்டாங்க சாமி. யார நெனப்பு வெக்கறது?" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து போனாள்.

திரும்பி வருவாள் என்று ஸ்ரீகண்டன் நின்றார். உள்ளே கோழி ஒன்றைப் பற்றி நாலைந்து பேர் சண்டைபோடும் சத்தம், நடுவே மாரக்காவின் குரல். கொஞ்சநேரம் கேட்டிருந்துவிட்டு, பஸ்ஸுக்காக மூன்று மைல் நடக்கத் தொடங்கினார்.