வாய்விட்டுச் சொல்லாத எடை

லோகாம்பாள் எந்தக் குழந்தையின் எடையையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். காரைக்காலை ஒட்டிய மீனவர் கிராமம் ஒன்றில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். பிள்ளையை எடை மெஷினில் நிறுத்துவாள், அட்டையில் பென்சிலால் குறிப்பாள், அதைத் தாயின் பக்கம் மட்டும் திருப்பிக் காட்டுவாள். அங்கே கொழுகொழு பிள்ளை என்றால் வீட்டுக்குப் பெருமை. ஆனால் எடை இத்தனை என்று நாலு பேர் காதில் விழுந்தால் கண் பட்டுவிடும். சொல்லிவிட்டால் அந்தத் தாய் மறுமாதம் வரமாட்டாள். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

வெண்மதியின் மகன் கார்முகிலுக்கு நாலு வயது, இருபத்தாறு கிலோ. அப்பா கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் பை நிறைய சிப்ஸும் பாட்டில் ஜூஸும் வரும். மூன்று மாதம் பேசிப் பேசி லோகாம்பாள் ஜூஸை நிறுத்த வைத்தாள். எடை ஏறாமல் நின்றது. இந்த வயதில் நின்றாலே போதும், உயரம் வளர்ந்து சரிக்கட்டிவிடும்.

அப்போதுதான் தீபா வந்தாள். அவளும் லோகாம்பாளும் நானும் நர்சிங்கில் ஒரே பேட்ச், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். சின்னக் குழந்தைகளின் உடல் பருமனைத் தடுக்க நர்ஸ்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு தீபாவுக்குக் கிடைத்திருந்தது.

"தாய்மாருகிட்ட நீ பேசுற மாதிரி யாருக்கும் பேச வராதுடி. ஒரு வீடியோ எடுத்துக்கறேன். முகம் தெரியாது, பேரும் வராது," என்றாள்.

லோகாம்பாள் நம்பினாள். வெண்மதியையும் பிள்ளையையும் படம் எடுக்கலாமா என்று கேட்டாள். வெண்மதி தயங்கியபோது, "என் பொறுப்பும்மா," என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

பயிற்சி நடந்த ஹாலில் எண்பது பேர். திரையில் வெண்மதியின் முகம் பளிச்சென்று வந்தது. பக்கத்தில் கார்முகில் சட்டையில்லாமல் எடை மெஷினில் நிற்கிறான். வயிற்றுக்குக் குறுக்கே சிவப்பில் '26 கிலோ'. கீழே, 'தாயின் அறியாமை'. ஹாலே சிரித்தது. பாழாய்ப்போன நானும் சிரித்துத் தொலைத்தேன். திரும்பினால், லோகாம்பாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்று இடைவேளையில் கேட்டாள்.

"முகத்த மறைச்சா யாரு மனசுல நிக்கும்? கிளாசுக்குள்ளதானே," என்றாள் தீபா.

கிளாசுக்குள்ளேயா நின்றது? யாரோ போனில் பிடித்து அனுப்ப, சாயங்காலத்துக்குள் கிராமத்து வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் லோகாம்பாள் போனபோது வெண்மதி வாசலில் பிள்ளைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"படம் எடுத்த அம்மாவ எனக்குத் தெரியாது. உங்களத்தான் தெரியும் நர்சம்மா," என்றாள். அவ்வளவுதான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

எடை பார்க்கும் நாளில் வழக்கமாக முப்பது தாய்மார் வருவார்கள். அந்த மாதம் மூன்று பேர் வந்தார்கள். கார்முகில் கடை வாசலில் ஜூஸ் பாட்டிலோடு நின்றதை நானே பார்த்தேன்.

தீபாவுக்கு மட்டும் அந்தப் பயிற்சியால் நல்ல பெயர். போன வாரம் லோகாம்பாளுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது.

"அடுத்த பேட்சுக்கு நீதான்டி வந்து பேசணும். தாய்மாரோட நம்பிக்கைய எப்படிச் சம்பாதிக்கிறதுன்னு."

"அது என்கிட்ட இருந்துச்சுடி," என்றாள் லோகாம்பாள். "ஒன்கிட்ட குடுத்துட்டேன்."