ஆஞ்சலா ஆன்ட்டியின் சிரிப்பு நின்ற பிறகு

லிங்கராஜபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆஞ்சலா ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு சிரிப்பு சிரிப்பார். "எனக்கு முடியாதும்மா" என்று சொல்லிவிட்டும் சிரிப்பார். கேட்டவர்கள் முடியாது என்பதை அங்கேயே போட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படித்தான் மாதர் சங்கத்துக்கு வருஷா வருஷம் கிறிஸ்மஸ் பலகாரமான குல்குல் உருட்டினார். கோயில் பீடத்துத் துணிகளுக்கு இஸ்திரி போட்டார். தம்பி லாயிட் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டார். ஆன்ட்டி சொன்னதைச் சொன்னபடி கேட்டது அந்த நாய் ஒன்றுதான்.

கணவர் இறந்த பிறகு பள்ளிக்கூட அலுவலக வேலை, வீடு, கோயில் என்று தனியாகவே இருந்தவர். ஓய்வு பெற்ற பின் வலது கை ஆட ஆரம்பித்தது. கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். அடுத்து முகம் இறுகியது. உள்ளே சிரித்தாலும் வெளியே வராது, இந்த நோயில் அப்படித்தான் என்று டாக்டர் விளக்கினார்.

அந்த வருஷம் சங்கத் தலைவி குல்குல் கேட்டு வந்தார். "முடியாது" என்றார் ஆன்ட்டி. பின்னால் சிரிப்பு வரவில்லை. முன்னால் வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் தலைவி போய்விட்டார். ஆஞ்சலாவுக்கு ஹெட்வெயிட் ஏறிவிட்டது என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். குல்குல் பேக்கரியிலிருந்து வந்தது. கோயில் இடிந்து விழவில்லை.

ஆன்ட்டி வேறு வேலையில் இருந்தார். உடற்பயிற்சியும் குரல் பயிற்சியும் சொல்லித்தர வீணா என்ற கன்னடப் பெண் வீட்டுக்கு வருவாள். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்கள கூப்பிடற மாதிரி பேசுங்க ஆன்ட்டி" என்பாள். காலையில் எழுந்ததும் ஆன்ட்டி "ஆ" என்று நீளமாகக் கத்துவார். எதிர்வீட்டுக்காரர் முதலில் பயந்தார், பிறகு அதைக் கேட்டு எழப் பழகிக்கொண்டார். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் வீணா எனக்குக் காட்டியிருந்தாள். இழுக்கக் கூடாது. நம் பாதத்தை அவர் முன்னால் குறுக்கே வைத்தால் போதும், அதைத் தாண்டக் கால் தானாக எழும்பிவிடும்.

நகரத்தின் மறுகோடியில், பொம்மனஹள்ளியில் இருக்கும் லாயிட்டுக்கு இதெல்லாம் தெரியாது. டிராஃபிக் அவரை வர விடுவதில்லை. ஆனால் அக்காவுக்காக ஊருக்கு வெளியே அத்திபெலே பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டதாக போன் செய்தார். புல்தரை உண்டு, சிற்றாலயம் உண்டு, வாரா வாரம் வந்து பார்ப்பாராம். "நான் வரலப்பா" என்றார் ஆன்ட்டி. போனில் முகம் தெரியாதல்லவா, அந்தச் சிரிப்பை லாயிட் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை வாடகைக் காரில் மனைவி சிந்தியாவோடு வந்து இறங்கினார். நான் அப்போது ஆன்ட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அக்கா... சாப்... பிட்டீங்களா?" என்று சிந்தியா கத்தினார். காதில் கோளாறு என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஆன்ட்டியின் தலைக்கு மேலாக லாயிட்டிடம், "பாவம், ஒண்ணும் புரியல பாருங்க. மூஞ்சில ஒண்ணுமே இல்ல" என்றார். அந்தப் பரிதாபத்தோடு பெட்டியில் துணிகளை அடுக்கினார். நடுநடுவே ஜன்னல் ஜன்னலாகப் போய், எந்த அறையில் வெளிச்சம் அதிகம் என்று பார்த்தார். மகன் கிளெமென்ட்டுக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம் அது.

"நான் வரல" என்றார் ஆன்ட்டி. பயிற்சி இல்லாத நேரத்தில் குரல் சின்னதாகத்தான் வரும்.

"சும்மா பாத்துட்டு வந்துடலாம்க்கா."

"பாக்கறதுக்கு எதுக்குடா நாலு நைட்டி?"

"அக்கா எப்பவும் ஜோக்குதான்!" என்று லாயிட் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து எழுப்பி நடத்தினார்.

மாடி வீட்டின் வாசற்படி வந்தது. கால் ஒட்டிக்கொண்டது. லாயிட் முன்னால் இழுத்தார், சிந்தியா பின்னால் தள்ளினார். ஆன்ட்டி தூண் மாதிரி நின்றார்.

"காலை வெக்கட்டுமா ஆன்ட்டி?" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார் ஆன்ட்டி.

"ஐயோ, ஏதோ அட்டாக் வந்துடுச்சுங்க!" என்று சிந்தியா அலறினார்.

சத்தம் கேட்டுக் கார் டிரைவர் பெட்டியை வாங்க மேலே வந்தார். மீசைக்காரர், கன்னடக்காரர். ஆன்ட்டி அவரைப் பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்தையும் தாண்டிப் போகும் குரலில், "நானு பரல்ல! நீவு ஹோகி!" என்றார்.

நான் வரவில்லை, நீங்கள் போங்கள். அவ்வளவுதான். கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆன்ட்டி சிரித்து டிரைவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருக்குப் பரல்ல என்றால் பரல்லதான். "ஆய்த்தம்மா" என்று சம்மதமாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"ஏன்க்கா இப்படிக் கத்துற? கோவமா?" லாயிட்டின் முகம் வெளுத்திருந்தது.

"கத்தல. இதான் இப்ப என் குரலு. இதான் மூஞ்சி. கோவம் வந்தா தனியா சொல்றேன்."

சிந்தியா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு லாயிட், "சரி, நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அக்காவிடம் பதிலுக்காகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"கையை விடு. விட்டாதான் நான் நடப்பேன்" என்றார் ஆன்ட்டி. அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் என் பாதத்தைக் குறுக்கே வைத்தேன். தாண்டி, திரும்பி, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

இப்போதும் ஆன்ட்டி அதே வீட்டில்தான் இருக்கிறார். காலையில் சரசு என்ற பெண் வந்து சமைத்து வைத்து, குளிக்கவும் உதவுகிறாள். மாத்திரையின் வேகம் இறங்கும் மத்தியானங்களில் அவரால் எழுந்திருக்க முடிவதில்லை. போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்தார், அதற்குப் பிறகு அங்கே சுவரில் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று. கிளெமென்ட் பொம்மனஹள்ளியிலேயே வாடகை வீடு பார்த்துக்கொண்டான். லாயிட் மாதம் ஒருமுறை, வரலாமா என்று போனில் கேட்டுவிட்டு வருகிறார். நோய் குறையவில்லை, குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலங்களில் ஆன்ட்டி பார்க்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார்.