யாரும் குடிக்காத தண்ணீர்

அவர் தயாரித்த தண்ணீரை யாரும் ஒரு வாய் குடித்ததில்லை. டயாலிசிஸ் வார்டின் பின்சுவரை ஒட்டிய குறுகலான அறையில் மணல் தொட்டி, கரித் தொட்டி, நீளக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்த மெம்பரேன் வடிகட்டி என்று ஒவ்வொன்றாகக் கடந்து, அது நேரே இயந்திரங்களுக்குப் போய்விடும். அங்கே ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் நோயாளியின் ரத்தம், அந்தப் பக்கம் இவருடைய தண்ணீர். நாம் குடிக்கிற தண்ணீரில் வேண்டாதது எதுவும் இருந்தால் குடலாவது கொஞ்சம் தடுத்து நிறுத்தும். இங்கே தடுக்க ஆளில்லை. அதனால் மனிதர் அந்த அறை விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு. செருப்போடு யாராவது உள்ளே வந்தால் தொலைந்தார்கள்.

வார்டில் அவருக்குத் தண்ணிக்காரர் என்று பேர். புதிதாக வரும் நோயாளிகள் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வந்தால் மெல்ல மோந்து பார்ப்பார்கள். பாவம், மனிதர் காப்பியைக்கூடப் பாதி டம்ளர்தான் குடிப்பார்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் சொந்தமாகக் கடை வைத்திருந்த பம்பு மெக்கானிக். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, அவளை அந்த வார்டுக்குக் கூட்டி வருவதும் வெளியே பெஞ்சில் காத்திருப்பதுமாகக் காலம் போனது. சும்மா இருக்கத் தெரியாத கை அவருக்கு. பின்னால் ஏதோ மோட்டார் இரைகிறதே என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார். வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டி மேல் விரல் வைத்தால் கோடு விழும் அளவுக்குத் தூசி. அவள் ரத்தத்தோடு உரசப் போவது இந்தத் தண்ணீர்தான் என்று அவருக்கு உறைத்தது. கடையை இழுத்து மூடிவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டான் என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல்காரி. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வார்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது பக்கத்துப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இயந்திரம் ஓடுகிற நேரம் முழுக்க அவளும் அவரும் மாற்றி மாற்றிக் காலை வாரிக்கொண்டிருப்பார்கள். பம்பு ஓசையை மீறி அவள் சிரிப்பு சுவர் வழியாகக் கேட்கும். அது கேட்கிறவரைக்கும் தண்ணிக்காரருக்கு வேலையில் அலுப்புத் தட்டியதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு செம்மண்ணாகக் கலங்கி வந்தது. நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரத்தை அள்ளிக் கொட்டினார்கள். படிகாரம் சேற்றைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். ஆனால் திரளாமல் தப்பிக்கிற மிச்சமும் உண்டு. படிகாரத்திலிருந்து வருகிற அலுமினியம் கலந்த நானோ துகள்கள், ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம், அத்தனை பொடி. கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் பளிங்குபோல்தான் இருக்கும். வீடுகளில் குடிக்கிறவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டயாலிசிஸுக்குப் போகும் தண்ணீரில் அது இருக்கவே கூடாது. மெம்பரேன் அதற்காகத்தான் இருக்கிறது.

அந்த மழையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"என்னங்க, மெஷின்லேர்ந்து எழுந்தா நாக்கு தடிச்சுப்போன மாதிரி இருக்கு. உங்க தண்ணிய ஒருதடவை பாருங்களேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "ஊர்ல யார் வேணாலும் என் வேலையக் குறை சொல்லட்டும், நீ சொல்லலாமா? தினமும் மீட்டர் பாக்கறேன். நாக்கு தடிக்குதுன்னா பேசறதக் கொஞ்சம் கொறை."

மறுநாள் வீம்புக்காகவே மீட்டரைப் பார்த்தார். எண் ஒரு நூல் ஏறியிருந்தது, ஆனால் எல்லைக்குள்தான். அந்த மீட்டருக்குத் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் தெரியும், மிதக்கிற துகளைத் தெரியாது. இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்த விஷயத்தை நினைத்துப் பார்க்கக் கோபம் விடவில்லை. "பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல," என்று வீட்டுக்கு வந்து வெடுக்கென்று சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. அந்த வீட்டில் சண்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவள் வாயைப் பூட்டிக்கொள்வாள், இவர் இறங்கி வந்து இரண்டு தடவை கெஞ்சினால்தான் பூட்டு திறக்கும். கல்யாணமான நாள் முதல் இறங்கி வந்தவர் இவர்தான். இந்தத் தடவை இறங்கக் கூடாது என்று முடிவு கட்டினார். கேட்டதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு ஊரில் இருந்த மகள் போன் செய்தால் எடுத்து இவர் கையில் திணித்தாள்.

"அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு? பேசவே மாட்டேங்கறாங்க."

"என்ன ஆகும்? என் மேல கோபம். உங்கம்மா கோபம் உனக்குத் தெரியாதா?"

வாரங்கள் ஓடின. பிடிவாதத்தில் என்ன சுகமோ, மனிதர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் குழாய் இணைப்பு ஒன்றைப் பார்க்க வார்டுக்குள் போனார். கண்டக்டர் கையைத் தூக்கி நர்ஸிடம் ஏதோ கேட்டார். "போ... போ... போர்..." வாழ்நாள் முழுக்க ஸ்டாப்பிங் பேரைக் கூவியே தொண்டை பழுத்த மனிதருக்குப் போர்வை என்ற ஒரு சொல் வரவில்லை. அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

தண்ணிக்காரர் ஸ்பானரோடு அப்படியே நின்றுவிட்டார். முந்தின நாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவள் தனியாக "பா... பா... பால்" என்று முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருந்தது. தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, வேண்டுமென்றே கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போயிருந்தார்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த அவளிடம் திரும்பினார். "ஏதாவது சொல்லு. ஒண்ணே ஒண்ணு சொல்லு."

அவள் உதடு துடித்தது. "எ... எ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் கோபம் எள்ளளவும் இல்லை. வெறும் வெட்கம். இத்தனை நாளும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தது, வார்த்தை வராமல் தடுமாறுவதை அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

அவர் டாக்டருடைய அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார். "எல்லா மெஷினையும் நிறுத்துங்க டாக்டர். என் தண்ணி சரியில்ல." அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டி வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

வெளியே சோதனைக்கு அனுப்பிய தண்ணீரிலும் நோயாளிகள் ரத்தத்திலும் அலுமினியம் இருந்தது. அது உடம்பில் சேர்ந்தால் முதலில் பேச்சைத்தான் பிடிக்குமாம். மெம்பரேன் குழாயைத் திறந்தபோது, உள்ளே இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அந்தக் கீறல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் சுத்தமாகாமலே சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. "அப்பப்ப வெளியில அனுப்பி டெஸ்ட் பண்ணியிருக்கணும், அது எங்க தப்பு," என்றார் டாக்டர். நல்ல மனுஷி, மழுப்பவில்லை. ஆனால் அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

புது மெம்பரேன் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, கடைசியில் நுண்ணிய வடிகட்டி ஒன்று. துகள் நின்றது. உடம்பில் சேர்ந்ததை இழுத்து வெளியேற்ற மருந்து கொடுத்தார்கள். கண்டக்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. அவள் அவரைவிடப் பல வருஷம் அதிகமாக இயந்திரத்தில் இருந்தவள், முன்பே சேர்ந்திருந்ததோடு இதுவும் சேர்ந்து அவளுக்கு மூளை வரைக்கும் போய்விட்டது. பேச்சு திரும்பவில்லை. பிறகு ஊசியில் நூல் கோக்க மறந்தாள். பிறகு ஊசியையே மறந்தாள்.

ஒருநாள் கண்டக்டர் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, மனசுல வச்சுக்க முடியல. ஆரம்பத்துலயே எனக்கும் நாக்கு கனத்துச்சு. தண்ணியில ஏதோ இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு தங்கச்சிகிட்ட சொன்னேன். அது என்னைப் பிடிச்சு ஒரு சண்ட போட்டுச்சு பாரு! 'எங்க வீட்டுக்காரர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறவர். பாத்துட்டேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்குத்தான் வயசாயிடுச்சு, அவர் தண்ணியக் குறை சொல்லாதீங்க'ன்னுச்சு. நானும் விட்டுட்டேன்."

அவர் எழுந்து அவள் படுக்கையருகே போய் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாக்கல," என்றார். "மீட்டரத்தான் பாத்தேன். கேக்குதா? நான் தண்ணியப் பாக்கவே இல்ல. என்னை ஒரு வார்த்த திட்டிடு."

அவள் அவரைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் அவள் அப்படித்தான் ஆட்டுகிறாள்.