வாப்பாவின் பேணுதல்

எங்கள் வாப்பா உசனாரைப் பற்றிப் பள்ளிவாசல்துறையில் யாரிடம் கேட்டாலும், “பேணுதலான மனிசன்” என்றுதான் சொல்வார்கள். சுத்தம் அசுத்தம், ஹலால் ஹராம் பார்த்து நடப்பவருக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கும் பெரிய பெயர் அது. வாப்பாவுக்கு அந்தப் பெயரை முக்கால்வாசியும் வாங்கிக் கொடுத்தவை நாய்கள். நாய் ஒன்று பத்தடிக்குள் வந்தால் போதும், சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பட்டா ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண்ணால!” என்று சத்தம் போட்டபடி உயரமான எதிலாவது ஏறிவிடுவார்.

பள்ளிவாசலுக்கு நேர்ப்பாதையால் போகவும் மாட்டார். அங்கே மீன் காயவைக்கும் வாடிக்கு முன்னால் நாய்கள் கும்பலாகப் படுத்திருக்கும். அதனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். கேட்டால், “பள்ளிக்கு வெக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் நன்ம இரிக்கி” என்பார். இதை நம்பி அடுத்த தெருத் தாஹிர் நானா, முழங்கால் வலியோடு இரண்டு வருடம் சுற்றுப்பாதையால் நடந்தார்.

கடலில் வாப்பா வேறு ஆள். திருக்கை முள் தொடையில் ஏறியபோது தானே பிடுங்கி எறிந்துவிட்டு வலையை இழுத்து முடித்தவர். யுத்தகாலத்தில் நேவிக்காரன் துவக்கை நீட்டியபோதும் படகில் அசையாமல் நின்று மீன்பிடிப் பாஸை எடுத்துக் காட்டியவர். அப்படிப்பட்ட ஆள் நாயிடமிருந்து விலகினால் அது மார்க்கத்துக்காகத்தான் என்று ஊர் நம்பியது. நாற்பது வயதுவரை நானும் நம்பினேன்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் கழித்து, ஓர் ஆவணி மாதத்துச் சனி ஞாயிறு. தங்கை சிபானாவைக் கலியாணம் முடித்து இரண்டு மாதமான மருமகன் மிஹ்லார், தன் தாய் நஃபீஸாவோடும் சொந்தக்காரர் பன்னிரண்டு பேரோடும் முதன்முதலாக விருந்துக்கு வருகிறார். மிஹ்லார் ஓதி முடித்த மௌலவி. வாப்பாவுக்கு ஒரே கவலைதான்: ஊரில் எடுத்த பெயர் மௌலவி மருமகனுக்கு முன்னால் கெட்டுப்போகக் கூடாது. நானோ வண்ணாத்திவில்லிலிருந்து வெள்ளிக்கிழமையே புருசன் பிள்ளைகளோடு வந்து அடுப்படியில் விழுந்தேன். மூத்தவளாய்ப் பிறந்தவளுக்கு விருந்து என்றால் வெங்காயம்தான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு றோசமேரி வேலிக்கு வந்தாள். தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டிருந்தாள்.

“நானா, ஞாயித்துக்கிழம பின்னேரம் வந்துருவம். நம்மட ஜிம்மிக்கு ரெண்டு மீன் தலய போட்டு விடுங்க.”

ஜிம்மி அவர்கள் வீட்டு நாய். ஆனாலும் அயலவர் கேட்டு இல்லை என்பது மார்க்கத்தில் கூடாது. வாப்பா வேலியிலிருந்து ஐந்தடி தள்ளி நின்று, “ஓம், ஓம்” என்றார். முகம் மட்டும் ஓம் சொல்லவில்லை.

மீன் தலை போடும் வேலையை என் மகள் ஸும்ரா ஏற்றுக்கொண்டாள். அவ்வளவுதான், ஜிம்மி எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டது.

சனிக்கிழமை பகல் முற்றத்தில் பாய் விரித்துச் சஹன் வைத்தோம். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்க, வாப்பாவின் முதுகுப் பக்கமாக ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. திரும்பிப் பார்த்த வாப்பா ஒரே பாய்ச்சலில் கதிரைக்கு மேல் நின்றார். கையில் இறைச்சித் துண்டு அப்படியே இருந்தது.

“ஏழு தரம் கழுவோணும்!”

“இந்தக் காலத்தில இப்பிடிப் பேணுதலான மனிசர் எங்க இரிக்கி!” என்று நஃபீஸா உள்ளிருந்து வியந்தார். வாப்பா கதிரையில் நின்றபடியே பணிவாகத் தலையைக் குனிந்தார்.

அப்போதுதான் ஸும்ரா கேட்டாள். “சாச்சா, ஜிம்மிய தொடலாமா?”

மிஹ்லார் பொறுமையாகச் சொன்னார். “நாயும் காஞ்சு, கையும் காஞ்சு இரிந்தா ஒண்டும் இல்ல மகள். ஈரம் பட்டாத்தான் அப்பிடிக் கழுவோணும். காவலுக்கு நாய் வளக்கவும் மார்க்கத்தில எடம் இரிக்கி.”

முப்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு கையைவிட்டுப் போனதுபோல் வாப்பா நின்றார். ஜிம்மியைத் துரத்தும்வரை கதிரையிலிருந்து இறங்கவுமில்லை.

ஞாயிறு விடியற்காலை நான் கிணற்றடியில் இருந்தேன். சுபஹு தொழுகைக்கு வாப்பாவும் மிஹ்லாரும் சேர்ந்து புறப்பட்டார்கள். திரும்பிப் பார்த்தால், வேலிக்கப்பால் கவிழ்த்து வைத்த படகின் மேல் வாப்பா நிற்கிறார். கீழே ஜிம்மி.

“எறங்குங்க மாமா, இகாமத் சொல்லப் போறாங்க, தொழுக தொடங்கிரும்.”

“அது நனஞ்சிரிக்கும் மகன்.”

மிஹ்லார் குனிந்து அதன் முதுகைத் தடவினார். “காஞ்சுதான் இரிக்கி மாமா.”

“வாயி?”

“வாய மூடிட்டுத்தான் இரிக்கி.”

பள்ளியில் எல்லோரோடும் சேர்ந்து தொழும் ஜமாஅத்தை வாழ்நாளில் தவறவிடாதவர் வாப்பா. பள்ளிப் பக்கம் ஒருமுறை பார்த்தார், நாயை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

“மகன், இது பேணுதல் இல்ல. பயம்.”

கையிலிருந்த வாளியை நான் மெதுவாகக் கீழே வைத்தேன். சிரிப்பு வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பாவமாக இருந்தது. மிஹ்லார் சிரிக்கவில்லை. நாய்க்கும் படகுக்கும் நடுவில் வந்து நின்று தோளைக் கொடுத்தார். “நான் இந்தப் பக்கத்தால வாறன், வாங்க.” இருவரும் நேர்ப்பாதையாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் இறால் சொதியும். வாப்பா சாப்பிடவில்லை, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிபானா எதற்கோ சிரித்தாள். நஃபீஸாவும் சிரித்தார். நான் தேங்காய்ச் சம்பலை நீட்டினேன், அதையும் சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டார்.

“ஓம், எனக்கு நாய்க்குப் பயம்தான்! சின்ன வயசிலேரிந்து பயம்! இப்ப எல்லாருக்கும் சந்தோசமா?”

சிபானாவின் கையிலிருந்த இடியப்பம் சொதிக்குள் விழுந்தது.

மிஹ்லார் பதறிப்போனார். “மாமா, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்லயே!”

வாப்பா திறந்த வாயை மூடவில்லை. உம்மா ஸுலைஹாதான் அசையாமல் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இதில என்ன புதினம்? கலியாணம் முடிச்சு மூணாம் நாள் ஒரு நாய்க்குட்டி வந்திச்சு. என்ட முந்தானைக்குப் பின்னால நிண்டது ஆரு?”

“ஒனக்குத் தெரியுமா?” வாப்பாவின் குரல் இறங்கிவிட்டது. “அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?”

உம்மா அவருடைய தட்டைத் திரும்ப அவர் முன்னால் இழுத்து வைத்தார்.

“ஊரே பேணுதலான மனிசன் எண்டு சொல்றப்ப, நான் மட்டும் ஏன் பயந்தாங்கொள்ளிட பொஞ்சாதியா இரிக்கோணும்? சாப்பிடுங்க.”