இசக்கியம்மாள் சொன்ன இரண்டு பொய்

பெற்ற பிள்ளை உங்களை அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? என் மகள் மூன்று வயதில் கரண்டியால் என் மூக்கில் ஒன்று போட்டாள். பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதே பிள்ளை பதினைந்து வயதில் கை நீட்டினால், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொள்வோம், இல்லையா? அப்படிச் சாத்திய கதவைத் தட்டுவதுதான் தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் என் வேலை. மனநல ஆலோசகர் என்று பெயர். பையன் மேல் வழக்கு வந்தால் அவனிடமும் வீட்டாரிடமும் பேசி, சிறுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்குச் சொன்னால் புரியும் என்பதால், ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன்.

காய்ந்த படி

முக்கூடலில் பீடி சுற்றுகிற இசக்கியம்மாளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மகன் சுடலைமுத்து கையை முறுக்கி உடைத்துவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தது அவளுடைய அண்ணன். பையனுக்குப் பதினைந்து வயது. வழக்கு முடியும்வரை திருநெல்வேலியில் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்தார்கள். அதன்பின் ஒன்று வீட்டுக்கு வருவான், இல்லை எங்கோ தூரத்தில் இருக்கிற சீர்திருத்தப் பள்ளிக்குப் போவான்.

ஆபீஸ் ஜீப்பில் போய் இறங்கினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. தெருவே வாசலில் கூடிவிட்டது. ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது படி வழுக்கிவிட்டது என்றாள் இசக்கியம்மாள். அது பங்குனி மாதம். தண்ணீர் படியை விட்டு இறங்கிப் பல நாளாயிற்று, படி காய்ந்துதானே கிடக்கிறது என்றேன். அவள் அசரவில்லை. படித்த பெண்கள் எல்லோரும் அவளுக்கு டீச்சர்தான்.

"காஞ்ச படி வழுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா டீச்சர்?"

இடுப்பில் ஒரு பிள்ளை

அடுத்த வாரம் பஸ்ஸில் போனேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. பெரிய யோசனை ஒன்றுமில்லை, அன்று அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பீடி சுற்ற இரண்டு கையும் வேண்டும். இசக்கியம்மாள் இலையும் தூளும் பரப்பிய முறத்தை, அவர்கள் பேச்சில் சுளவை, முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். என் மகள் நேரே போய் அந்தச் சுளவின் நடுவில் உட்கார்ந்தாள். புகையிலைத் தூள் பறந்து மூன்று பேரும் தும்மினோம். இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது.

புருஷன் இருந்தவரை அவர் அடித்தார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். இப்போது ஒரு வருஷமாக மகன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகச் சொன்னதற்குத்தான் கையை முறுக்கினான். "இத எழுதிராதீங்க, அவனக் கொண்டுபோயிருவாவ" என்றாள். எழுதாமல் விட்டால் மறுபடியும் அடிப்பானே என்றேன். உடைந்த கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவரு அடிச்சா எனக்குக் கோவந்தான் வரும் டீச்சர். இவன் அடிச்சா அழுகையா வருது."

கொண்டை

கூர்நோக்கு இல்லத்தில் சுடலைமுத்து மூன்று வாரம் என்னிடம் வாயே திறக்கவில்லை. நானும் மகளின் கவுனுக்கு ஓரம் தைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டார் பார்க்க வரும் நாள். இசக்கியம்மாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். அவன் சோற்றைப் பார்க்கவில்லை, அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போனபிறகு, "எங்கம்மை கொண்டை போடாது. சடைதான்" என்றான். பிறகு ஏன் கொண்டை போட்டு வந்தாள் என்று கேட்டேன். "ஒத்தக் கையால பின்ன முடியாதுல்லா. நாந்தான முறுக்கினேன்" என்றான். அதை அவன் வாயால் சொன்னது அன்றுதான்.

"அக்கா, அடுத்த வாரம் அம்மைக்கு நீங்க தலை பின்னி விடுதீங்களா?"

மூன்று பிரி

நான் பின்னவில்லை. மூன்று ரிப்பனைச் சன்னல் கம்பியில் கட்டி, எப்படிப் பின்னுவது என்று அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சீப்பை அவன் கையில் கொடுத்தேன். மற்ற பையன்கள் விடுவார்களா? "ஏலே, பூ எங்கலே?" என்று ஒருவன் கேட்டான். சுடலைமுத்து திரும்பவில்லை. சீப்போடு அவன் கை தலைக்கு நேரே உயர்ந்ததும் இசக்கியம்மாள் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழும் என்று உடம்பு தானாகச் செய்தது அது.

அவன் பார்த்துவிட்டான். கை அப்படியே நின்றது. பிறகு இறக்கிக்கொண்டு, "தொடட்டுமாம்மா?" என்று கேட்டான். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். சிக்கு எடுக்கும்போது ஒரு இடத்தில் வெடுக்கென்று இழுத்தான். இத்தனை நாள் அவன் அடித்தபோதெல்லாம் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள்.

"பைய இழுலே. வலிக்கும்லா."

இரண்டையும் எழுதுங்க

வழக்கு நாளில், கை எப்படி உடைந்தது என்று சிறுவர் நீதிமன்றத்து நீதிபதியம்மா கேட்டார். இசக்கியம்மாள் பதில் சொல்வதற்குள், "நாந்தாம்மா முறுக்கினேன்" என்றான் பையன். என் அறிக்கையிலும் அதுதான் இருந்தது. அம்மாவும் மகனும் கொஞ்ச நாள் தனித்தனியே இருக்கட்டும், ஆனால் பிரித்துவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று நீதிபதியம்மா இசக்கியம்மாளிடம் கேட்டார்.

"எம்பிள்ளைய விட்ருங்கம்மா. அவன் கூட இருக்கப் பயமாவும் இருக்கு. ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

செவ்வாய்க்கிழமை

இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். சுடலைமுத்து அம்பாசமுத்திரத்தில், போலீசில் எழுதிக் கொடுத்த அந்த மாமா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும், ஞாயிறு பகலில் மட்டும் அம்மா வீட்டுக்கு வரலாம் என்று தீர்ப்பானது. கோபம் வந்தால் பேச்சை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்துவிட வேண்டும் என்பது எனக்கும் அவனுக்கும் ஒப்பந்தம்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். இசக்கியம்மாள் இரண்டு கையாலும் மளமளவென்று பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுளவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கை குணமாகி ஒரு மாதம் ஆகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரல் மடங்காதாம், மகன்தான் தலை பின்னிவிடுகிறானாம். கை நீட்டினானா என்று கேட்டேன். ஒரு தடவை முகம் சிவந்து எழுந்தானாம். ஆற்றங்கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, பாதியில் விட்ட சடையை முடித்தானாம்.

மகனைக் காப்பாற்ற ஒரு பொய், அவன் கையால் தலை பின்னிக்கொள்ள இன்னொரு பொய். எங்கள் தொழிலில் முன்னேற்றம் என்பது பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

பஸ் ஏற்றிவிட வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலது கையால்தான், நன்றாக இறுக்கி.

"இப்பந்தான் சடை நேரா வருது. கை சரியாயிட்டுன்னு அவன்ட்ட சொல்லிராதீங்க டீச்சர்."