சரஸ்வதி பூசையன்று மூன்றாம் அத்தியாயம்

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் மத்தியானத்துக்குள் கஜந்தினி தன் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் அவளுக்கு இது கடைசி வருடம். பிந்தினால் அடுத்த அணியோடுதான் பட்டம்.

பருத்தித்துறைக் கரையில் வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கொப்பிகளில் எழுதியிருந்தாள். முதல் இரண்டு அத்தியாயங்களும் விரிவுரையாளரிடம் போய்விட்டன. மூன்றாவது அவளுடைய மடிக்கணினிக்குள் மட்டும் இருந்தது. எல்லாம் முடிந்த நிம்மதியில் முதல்நாளே கொப்பிகளைப் பூசைக்கு வைத்துவிட்டாள்.

காலையில் முழுகிவிட்டு வந்தவள் சாமியறை வாசலிலேயே நின்றுவிட்டாள். புத்தக அடுக்கின் உச்சியில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. திரையில் சந்தனப் பொட்டு. எழுத்து விசைகளின் மேல் செவ்வரத்தம் பூவும் மஞ்சள் தண்ணீரும்.

"அம்மா! உதுக்குள்ளை தண்ணி தெளிச்சனீங்களோ?"

"கொஞ்சம்தான் பிள்ளை," என்றாள் கமலாவதி. "போன வருசம் புத்தகத்தை வைச்சிட்டு உதை மறந்துபோனன். நீ எழுதினதெல்லாம் உதுக்குள்ளைதானே? மூடி வைச்சால் சரஸ்வதி அம்மாளுக்கு என்னெண்டு தெரியும்?"

கஜந்தினி பொத்தானை அழுத்திப் பார்த்தாள். திரை கறுப்பாகவே கிடந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மகள் அழுதுகொண்டே சொல்லச் சொல்லத்தான், தான் செய்தது என்னவென்று தாய்க்கு விளங்கியது.

"திரும்ப எழுதேலாதோ?"

"கொப்பி இருந்தால் எழுதலாம்."

இருவரும் புத்தக அடுக்கைப் பார்த்தார்கள். பூசைக்கு வைத்ததை விஜயதசமிக் காலைவரை அந்த வீட்டில் எவரும் தொட்டதில்லை. மூத்தவன் நிருஷன் ஒருமுறை மறுநாள் சோதனை என்று கெஞ்சியும் கமலாவதி ஒற்றைப் பக்கம்கூடக் கொடுக்கவில்லை.

கஜந்தினி தன்னோடு படிக்கும் மக்டலீனுக்குப் போன் எடுத்தாள். மக்டலீன் முனைக் கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். மழைச் சட்டைக்குள் அவளுடைய மடிக்கணினி.

"எங்கடை வீட்டிலை மாதா லப்டொப் கேக்கிறேல்லை. இந்தா, பிடி."

"உன்ரை வேலை?"

"உசாத்துணைப் பட்டியல் மட்டும்தான் மிச்சம். அது கிடக்கட்டும். கொப்பி எங்கை?"

கஜந்தினி சாமியறைப் பக்கம் கையைக் காட்டினாள். கமலாவதி எழுந்து போய் முகம், கை, கால் கழுவிக்கொண்டு வந்தாள். கற்பூரம் கொளுத்தினாள்.

"தாயே, பிழை என்னிலை. தண்ணி தெளிச்சது நான்தான். பிள்ளையைக் கோவிக்காதை," என்று உரக்கச் சொன்னாள். பிறகு அடுக்குச் சரியாமல் கொப்பிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"கெதியா எழுது பிள்ளை. உன்ரை அப்பா வந்து கேட்டால் நான் கதைக்கிறன்."

மக்டலீன் வாசிக்க, கஜந்தினி தட்டிக்கொண்டே போனாள். ஒரு பாட்டில் வந்து நின்றுவிட்டாள். அதைப் பற்றி முன்பு என்ன எழுதினாள் என்பது அடியோடு மறந்துபோயிருந்தது. மக்டலீன் கொடிக்கயிற்றை அவிழ்த்து யன்னல் கம்பியில் கட்டினாள். வலை இழுப்பவர்களைப் போல மூன்று பேரும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே பிடித்து இழுத்தார்கள். தமிழில் பாடும்போது கைகள் ஒன்றாகப் போயின. கஜந்தினியின் ஆங்கில வரியைப் பாடியதும் ஆளுக்கொரு பக்கம் தள்ளாடினார்கள்.

"உன்ரை இங்கிலிசுக்குக் களைக்குதடி," என்றாள் மக்டலீன். அன்றைக்கு முதல் தடவையாகக் கமலாவதி சிரித்தாள்.

அந்தத் தள்ளாட்டத்தையே கஜந்தினி எழுதினாள். அழகான சொற்களைத் தேடி வரியை நீட்டியதால் வலை இழுக்கும் தாளம் போய்விட்டது என்று ஒளிக்காமல் எழுதினாள். தொலைந்துபோன அத்தியாயத்தில் அது இருக்கவில்லை.

பொழுது படுவதற்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. நன்றி சொல்லத் திரும்பினால், மக்டலீன் பாயில் கண்மூடிக் கிடந்தாள். கஜந்தினி அவளை எழுப்பவில்லை. அவளுடைய உசாத்துணைப் பட்டியலைத் திறந்து, நூல்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். கண் எரிந்தாலும் அந்த வேலை அவளுக்குப் பாரமாக இல்லை.

கமலாவதி அவலும் கடலையும் கொண்டுவந்து தயங்கினாள். "பூசையிலை வைச்சது. வேதக்காரப் பிள்ளை சாப்பிடுமோ?"

"சாப்பிடும் அன்ரி," என்றாள் மக்டலீன், கண்ணைத் திறக்காமலே. "கடலையைக் கூடப் போடுங்கோ."