ஏழு பழமும் விட்டுப்போக இருந்த ஒரு வரியும்

நாமக்கல் லாரி பட்டறைகளில் கமாலுதீன் பாயைத் தெரியாதவர் இல்லை. முப்பது வருடமாக லாரி நெற்றியில் முதலாளி பெயரும், பின்னால் மயிலும் தாமரையும் அவர் கைவண்ணம்தான். எழுத்தில் ஒரு புள்ளி விட்டார் என்று யாரும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட கை, பங்குனி வெயிலில் ஒரு நாள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டர் மைதிலி ஈசிஜி எடுத்துப் பார்த்தார்.

"அடைப்பு இருக்கும் போலத் தெரியுதுங்க பாய். ஆஞ்சியோ பண்ணிப் பாத்தறலாம். தள்ளிப் போடாதீங்க."

ஊசியைக் கண்டாலே பாய்க்கு உள்ளங்கால் கூசும். அதை வெளியே சொல்வாரா?

"இதயத்துக்கு நபியே மருந்து சொல்லியிருக்காங்க. ஏழு அஜ்வாப் பேரீச்சம்பழம். போதும்!" என்று மனைவி ஜமீலாவிடம் சொல்லிவிட்டார். தினமும் காலையில் ஏழு பழம் தின்றார், ஏழு கொட்டையைத் துப்பினார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஜமீலா வடித்த கண்ணீரில் ஒரு லாரியையே கழுவியிருக்கலாம். பாய் அசையவில்லை.

இருபதாம் நாள், பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓர் ஆளுயரப் பலகையும் ஒரு தாளும் பட்டறைக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இலவச இதய முகாமாம். வாசலில் வைக்க அந்தத் தாளிலுள்ள நபிமொழியை எழுதித் தர வேண்டுமாம்.

பட்டறைத் தச்சர் அர்த்தநாரி தாளைப் படிக்கப் படிக்க, பாய் எழுதினார். நபித்தோழர் ஸஅத் நோயில் படுத்திருக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) பார்க்க வருகிறார்கள். அவர் மார்பில் கை வைக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சி இதயம் வரை இறங்குகிறது.

"'உமக்கு இதய நோய். மருத்துவம் பார்க்கும் ஹாரிஸிடம் செல்வீராக.'"

பிரஷ் நின்றது. "என்னது?"

"டாக்டர்கிட்டப் போன்னு இருக்குதுங்க பாய். பழம் அதுக்கப்புறந்தான் வருது. அதையும் அவருதான் கொட்டையோட இடிச்சுக் குடுக்கோணுமாம். நீங்க கொட்டையத் துப்பிப்போட்டீங்களே!"

பாய் தாளை வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

"பலகையில இடம் பத்தாது. அந்த வரிய உட்டுப்போடலாம்."

"இடமா? ஒரு லாரியவே நிறுத்தலாமுங்க! ஓனர் பேருல ஒரு புள்ளி உடாத மனுசன், உங்க நபி சொன்னதுல ஒரு வரியவே உடறீங்களா?"

பாயின் கண்கள் நிறைந்தன. ஊசிக்குப் பயந்து எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். இதில் ஓர் எழுத்தைக் குறைக்க அந்தக் கைக்குத் துணிச்சல் வரவில்லை. சிவப்பு டப்பாவைத் திறந்தார். பலகையிலேயே பெரிய எழுத்தில் அந்த வரியை எழுதினார். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு ஜமீலாவுக்குப் போன் போட்டார்.

"ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வெய்யி. சேலம் போலாம்."

"பைய நேத்தே கட்டி வெச்சுட்டனுங்க" என்றாள் ஜமீலா. "பலகைய எழுதி முடிச்சுட்டீங்களா?"

பாய் போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பலகை விஷயம் இவளுக்கு யார் சொன்னது? அர்த்தநாரி அவசரமாக இழைப்புளியைத் தேடப் போய்விட்டார்.

மறுநாள் ஆஞ்சியோ மேசையில் படுத்திருந்தவரின் மார்பில் டாக்டர் மைதிலி கை வைத்தார். "பயமா இருக்குதுங்களா பாய்?"

"இல்லீங்க தாயி. நெஞ்சுக்குள்ள சில்லுன்னு இருக்குது."

"ஏசி கொஞ்சம் அதிகந்தானுங்க" என்றார் டாக்டர்.

பாய் சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். ஊசி ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை.